பதிப்புரிமைச் சட்டம் பற்றிய இணையத் தகவல்கள்: ஒரு மதிப்பீடு

பழைய நூல் ஒன்றை மின்னூலாக்க விரும்பும் மாணவர், ஆண்டுமலரில் ஒரு கவிதையை எடுத்துப் போட நினைக்கும் ஆசிரியர், முதல் சிறுகதையைப் பதிப்பகத்துக்கு அனுப்பும் இளம் எழுத்தாளர் ஆகிய மூவருக்கும் எழும் கேள்வி ஒன்றுதான்: இதில் யாருக்கு என்ன உரிமை? விடை தேடி அவர்கள் முதலில் போகும் இடம் இணையம். அங்கே விடைகளுக்குப் பஞ்சமில்லை. ஒரே கேள்விக்கு ஒன்றோடொன்று முரண்படும் மூன்று நான்கு விடைகள் கிடைக்கின்றன. ஒவ்வொன்றும் ஐயமில்லாத குரலில் எழுதப்பட்டிருக்கிறது.

இதனால் இருவகைத் தீங்கு நேர்கிறது. சட்டம் வெளிப்படையாக அனுமதிக்கும் செயல்களைக்கூடச் செய்ய அஞ்சி ஒதுங்குவோர் ஒரு சாரார். ‘நன்றி: இணையம்’ என்று ஒரு வரி போட்டுவிட்டுப் பிறர் உழைப்பை முழுதாக எடுத்துக்கொள்வோர் மற்றொரு சாரார். இரு சாராரும் எதையோ படித்துவிட்டுத்தான் அப்படிச் செய்கிறார்கள். எனவே அவர்கள் படிக்கும் தகவலின் தரத்தை ஆராய்வது பயனுள்ளது.

இந்தியாவில் நடப்பில் உள்ளது 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். 1958 ஜனவரி 21 முதல் நடைமுறைக்கு வந்து, பலமுறை திருத்தப்பட்டது. இச்சட்டத்தைப் பற்றிப் பேசும் எந்தப் பக்கத்தையும் மூன்று கேள்விகளால் சோதிக்கலாம். எந்த நாட்டுச் சட்டம்? எந்த ஆண்டு நிலவரம்? எந்தப் பிரிவு? இம்மூன்றுக்கும் விடை தராத பக்கம் எவ்வளவு தெளிவாக எழுதப்பட்டிருந்தாலும் அதைச் சான்றாகக் கொள்ள முடியாது.

சொல்லில் தொடங்கும் குழப்பம்

தமிழில் தேடுவோருக்கு முதல் தடை தேடுசொல்லிலேயே இருக்கிறது. எழுத்து, இசை, ஓவியம், திரைப்படம் முதலியவற்றின் மீதான உரிமையைப் ‘பதிப்புரிமை’ என்றும், புதிய கண்டுபிடிப்புகளுக்கு அரசு வழங்கும் உரிமையைக் ‘காப்புரிமை’ என்றும் பிரித்து வழங்குவது தெளிவான வழக்கு. ஆனால் செய்தித்தாள்களிலும் திரைப்படச் செய்திகளிலும் நூல்களின் முன்பக்கங்களிலும்கூட இரண்டுக்கும் ‘காப்புரிமை’ என்றே எழுதுகிறார்கள். இந்தச் சொல்லைத் தட்டச்சு செய்து தேடினால் இரண்டு சட்டங்களும் கலந்து வருகின்றன. கண்டுபிடிப்புக்கான காப்புரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டும், ஆய்வுக்கு உட்பட வேண்டும், கட்டணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். அது 20 ஆண்டுகளில் முடியும். பதிப்புரிமைக்கு இவற்றில் எதுவும் பொருந்தாது. ‘உங்கள் கதைக்குக் காப்புரிமை பெறுவது எப்படி’ என்ற தலைப்பில் வரும் குறிப்புகளில் பாதிக் குழப்பம் இங்கிருந்து வருவது. இலங்கைத் தமிழில் கண்டுபிடிப்புக்கு ‘ஆக்கவுரிமை’ என்றும், நாம் ‘அறிவுசார் சொத்து’ என்பதற்குப் ‘புலமைச் சொத்து’ என்றும் வழங்குவதால், ஈழத்து வெளியீடுகளைத் தேடுவோர் அச்சொற்களையும் அறிந்திருக்க வேண்டும்.

‘பதிப்புரிமை’ என்ற சொல்லும் ஒரு தவறான எண்ணத்தை விதைக்கிறது. பதிப்பு என்றதும் பதிப்பாளர் நினைவுக்கு வருவதால், அச்சிட்டவருக்கே உரிமை என்று பலர் கருதுகிறார்கள். பிரிவு 17-இன்படி முதல் உரிமையாளர் படைப்பாளியே. வேலைக்கு அமர்த்தப்பட்டு எழுதுவது போன்ற சில நிலைகளுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. உரிமையை இன்னொருவருக்கு மாற்றித் தருவதானால் அது எழுத்தில், கையொப்பத்துடன் இருக்க வேண்டும் என்கிறது பிரிவு 19. எத்தனை ஆண்டுகளுக்கு என்று ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், எந்த நிலப்பரப்புக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் கொள்ளப்படும். ‘கதையைக் கொடுத்துவிட்டேன், இனி அது என்னுடையதில்லை’ என்று எண்ணும் இளம் எழுத்தாளர் இந்த ஒரு பிரிவைப் படித்தால் போதும். ஆனால் பதிப்புரிமை பற்றி எழுதும் தமிழ்ப் பக்கங்கள் தண்டனையைப் பற்றிப் பத்திபத்தியாகச் சொல்லுமளவுக்கு இதைச் சொல்வதில்லை.

எந்த நாட்டுச் சட்டம்?

‘ஆசிரியர் இறந்து எத்தனை ஆண்டுகள் கழித்து அவர் நூல் பொதுவுடைமை ஆகும்?’ என்ற கேள்விக்கு இணையத்தில் 50, 60, 70 என மூன்று விடைகள் கிடைக்கும். மூன்றும் ஏதோ ஒரு நாட்டில் சரியான விடைகளே. மலேசியாவில் 50. இந்தியாவில் 60. இலங்கை, சிங்கப்பூர், பிரித்தானியா ஆகிய நாடுகளில் 70. கனடாவில் 2022 இறுதிவரை 50 என்று இருந்தது. பிறகு 70 ஆயிற்று. தமிழ் வாசகர்கள் இந்த நாடுகள் அனைத்திலும் வாழ்கிறார்கள். தமிழில் எழுதுவோரும் அப்படியே. ஆகவே ‘சட்டப்படி 70 ஆண்டுகள்’ என்று ஒருவர் எழுதினால், யாருடைய சட்டப்படி என்று கேட்பது வாசகரின் கடமை.

ஓர் எடுத்துக்காட்டு. கல்கி 1954 டிசம்பர் 5-ஆம் நாள் மறைந்தார். இந்தியச் சட்டத்தின் பிரிவு 22, ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகளைக் கணக்கிடச் சொல்கிறது. 1955 ஜனவரி 1-இல் தொடங்கி எண்ணினால் 2014 டிசம்பர் 31-இல் காலம் முடிகிறது. 50 ஆண்டு என்ற கணக்கைப் பின்பற்றினால் 2004. 70 என்றால் 2024. ஒரு தவறான பக்கம் இருபுறமும் பத்தாண்டு வேறுபாட்டை உண்டாக்கிவிடுகிறது. இறந்த நாளிலிருந்தே எண்ணுவதும் பரவலான பிழை. ஆசிரியர் ஜனவரியில் இறந்தாலும் டிசம்பரில் இறந்தாலும் கணக்கு அடுத்த ஆண்டின் முதல் நாளில்தான் தொடங்குகிறது. இன்னொன்று, ஆசிரியரின் மறைவுக்குப் பிறகு முதன்முறையாக வெளியான படைப்புக்கு வெளியீட்டு ஆண்டை வைத்தே கணக்கிட வேண்டும் என்கிறது பிரிவு 24.

அயல்நாட்டு விதி உள்ளூர் விதியாக உருமாறுவதற்கு இன்னும் இரண்டு சான்றுகள் உண்டு. ‘நூலில் 10 விழுக்காடு வரை படியெடுக்கலாம்’ என்பது தமிழ்நாட்டு மாணவர்களிடம் பரவியுள்ள நம்பிக்கை. ஆய்வு, படிப்பு ஆகியவற்றுக்காக அத்தகைய அளவை வகுத்திருப்பது ஆஸ்திரேலியச் சட்டம். இந்தியச் சட்டத்தில் அப்படியொரு விழுக்காடு கிடையாது. ‘நியாயமான பயன்பாட்டுக்கு நான்கு அளவுகோல்கள்’ என்று தொடங்கும் விளக்கங்கள் அமெரிக்கச் சட்டத்தின் பிரிவு 107-ஐச் சொல்கின்றன. அந்த அளவுகோல்களை நம் நீதிமன்றங்கள் சில வழக்குகளில் எடுத்துப் பேசியிருந்தாலும், இந்தியச் சட்டத்தின் கட்டமைப்பு வேறு. பிரிவு 52, ‘நியாயமான கையாளுகை’ என்று தனிப்பட்ட பயன்பாடு மற்றும் ஆய்வு, விமர்சனம் அல்லது மதிப்புரை, நடப்புச் செய்தி ஆகிய நோக்கங்களைக் குறிப்பிடுகிறது. அதன்பின் அனுமதிக்கப்பட்ட செயல்களை நீண்ட பட்டியலாகத் தருகிறது. ‘30 விநாடிக்குள் இசைத்தால் குற்றமில்லை’ என்ற விதியும் அந்தப் பட்டியலில் எங்கும் இல்லை.

எந்த ஆண்டு நிலவரம்?

நாடு சரியாக இருந்தாலும் ஆண்டு தவறாக இருக்கலாம். இந்தியாவில் 1991 இறுதிவரை காலவரம்பு 50 ஆண்டுகள்தான். 1941-இல் மறைந்த இரவீந்திரநாத் தாகூரின் படைப்புகளுக்கான உரிமை முடியவிருந்த நேரத்தில்தான் அது 60 ஆக்கப்பட்டது.

அடுத்த பெரிய மாற்றம் 2012-இல் வந்தது. அந்த ஆண்டு ஜூன் 21 முதல் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. ஒளிப்படங்களுக்கு வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் என்று தனியே விதித்திருந்த பிரிவு 25 அப்போது நீக்கப்பட்டது. ஒளிப்படமும் மற்றக் கலைப்படைப்புகளைப் போல, எடுத்தவரின் வாழ்நாளும் அதற்குப் பின் 60 ஆண்டும் என்ற பொது விதிக்குள் வந்துவிட்டது. ஆனாலும் பழைய விதியையே சொல்லும் விளக்கங்கள் இன்றும் உலவுகின்றன. எழுதியவர் அன்று சரியாகவே எழுதியிருக்கலாம். தேதியில்லாமல் அதை மறுபதிவு செய்தவர்தான் பிழையை உண்டாக்கினார். அரசு வெளியிட்ட கையேடு என்றாலும் இந்தச் சோதனைக்கு விலக்கு இல்லை. எந்த ஆண்டில் எழுதப்பட்டது என்று பார்த்த பிறகே அதை எடுத்தாள வேண்டும்.

தேதி போடாத பக்கத்தின் வயதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. ஆசிரியரும் மாணவரும் கற்பித்தலின்போது ஒரு படைப்பைப் படியெடுக்கலாம் என்ற விதி, 2012-க்கு முன் 52(1)(எச்) என்ற உட்பிரிவாக இருந்தது; இப்போது அது 52(1)(ஐ). பழைய எண்ணைச் சொல்லும் பக்கம் பழைய சட்டத்தைச் சொல்கிறது. மாற்றுத்திறனாளிகள் படிக்கக்கூடிய வடிவத்தில் நூல்களை ஆக்கித் தரலாம் என்ற விரிவான விலக்கும் 2012-இல் சேர்க்கப்பட்டதே. பார்வையற்ற தோழருக்குப் பாடநூலை ஒலிவடிவமாக்கித் தர விரும்பும் மாணவர் பழைய விளக்கத்தைப் படித்து அஞ்சத் தேவையில்லை.

ஒரு நூலுக்குள் பல உரிமைகள்

‘நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்’ என்பது தமிழ் வாசகர் அடிக்கடி காணும் சொற்றொடர். தமிழ்நாடு அரசு, எழுத்தாளரின் மரபுரிமையாளருக்குப் பரிவுத்தொகை அளித்து, அவருடைய நூல்களை யாரும் வெளியிடலாம் என்று ஆக்கும் முறை இது. பாரதியின் எழுத்துகளுக்கான உரிமையை 1949-இல் அன்றைய சென்னை அரசு பெற்றது இதற்கு முன்னோடி. கல்கியின் நூல்களும் சட்டக் காலவரம்பு முடியும் முன்பே, 1990-களின் இறுதியில் நாட்டுடைமையாயின. இச்சொல் பதிப்புரிமைச் சட்டத்தில் கிடையாது. அரசாணையின் வழியே நடப்பது என்பதால், சட்டநூலில் தேடினால் கிடைக்காது. ஆணையில்தான் தேட வேண்டும். இணையத்தில் சுற்றும் பட்டியல்கள் பெரும்பாலும் எழுத்தாளர் பெயரை மட்டும் தருகின்றன. ஆணை எண்ணும் நாளும் இல்லாத பட்டியலை நம்பி மறுபதிப்பில் இறங்கக் கூடாது.

பனுவல் பொதுவுடைமை ஆனாலும் நூலின் மற்றப் பகுதிகள் அப்படி ஆகிவிடுவதில்லை. ‘பொன்னியின் செல்வன்’ கதையை யாரும் அச்சிடலாம். அதற்கு வரையப்பட்ட ஓவியங்கள் தனிப் படைப்புகள். முதலில் அதற்குப் படம் வரைந்த ஓவியர் மணியம் 1968-இல் மறைந்தார். 60 ஆண்டு கணக்கில் அவருடைய ஓவியங்களுக்கான காலம் 2028 இறுதியில்தான் முடியும். அதே கதையை ஒருவர் ஒலிநூலாகப் பதிவு செய்தால் அந்தப் பதிவுக்கு, வெளியான ஆண்டை வைத்துத் தனியாக 60 ஆண்டுகள். புதிதாக எழுதிய முன்னுரைக்கும் குறிப்புரைக்கும் அவற்றை எழுதியவர் உரிமையாளர். ‘இந்த நூலுக்கு உரிமை இல்லை’ என்று ஒற்றை வரியில் தீர்ப்பளிக்கும் பக்கங்கள் இந்த அடுக்குகளைக் காண்பதில்லை.

இலவசமாகக் கிடைப்பதை உரிமையற்றது என்று கொள்வதும் இவ்வகைப் பிழையே. அரசுப் பாடநூலை யாரும் கட்டணமின்றித் தரவிறக்கலாம். ஆயினும் அரசின் படைப்புகளுக்கும் பதிப்புரிமை உண்டு. பிரிவு 28-இன்படி வெளியீட்டிலிருந்து 60 ஆண்டுகள். அப்பாடநூலை அப்படியே எடுத்து வழிகாட்டி நூலாக விற்பது வேறு செயல்.

தலைப்புச் செய்தியும் தீர்ப்பும்

நீதிமன்றத் தீர்ப்புகள் செய்தியாகும்போது நேரும் சிதைவுக்குத் தில்லிப் பல்கலைக்கழக ஒளிநகல் வழக்கு நல்ல சான்று. பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த இராமேசுவரி ஒளிநகல் கடை, பாடத்திட்டத்துக்கு வேண்டிய பகுதிகளைப் பல நூல்களிலிருந்து நகலெடுத்துத் தொகுத்து மாணவர்களுக்கு விற்றது. ஆக்சுபோர்டு, கேம்பிரிட்சு ஆகிய பல்கலைக்கழகங்களின் பதிப்பகங்களும் டெய்லர் அண்டு பிரான்சிசு நிறுவனமும் 2012-இல் வழக்குத் தொடர்ந்தன. தில்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2016 செப்டம்பர் 16 அன்று அவ்வழக்கைத் தள்ளுபடி செய்தார். ‘இனி மாணவர்கள் எந்த நூலையும் நகலெடுக்கலாம்’ என்ற பொருளில் செய்திகள் பரவின. அந்தச் செய்திகளே இன்றும் தேடலில் கிடைக்கின்றன.

அதற்குப் பின் நடந்ததைப் பலர் படிப்பதில்லை. அதே ஆண்டு டிசம்பர் 9 அன்று இரு நீதிபதிகள் கொண்ட அமர்வு மேல்முறையீட்டில் தீர்ப்பளித்தது. கற்பித்தலுக்காகப் படியெடுக்கும் அனுமதிக்கு விழுக்காட்டு எல்லை எதுவும் இல்லை, நோக்கத்துக்கு எவ்வளவு தேவையோ அதுவே அளவு என்ற கருத்தை அது ஏற்றது. ஆனால் தொகுப்பில் இருந்த பகுதிகள் அந்தக் கற்பித்தலுக்கு உண்மையில் தேவைப்பட்டவையா என்பதை விசாரிக்குமாறு வழக்கைத் திருப்பி அனுப்பியது. 2017 மார்ச்சில் பதிப்பகங்கள் வழக்கை விலக்கிக்கொண்டதால் அந்த விசாரணை முழுமையடையவில்லை. ஆக, ‘எந்த நூலையும்’ என்பது தீர்ப்பில் இல்லாத சொல். கற்பித்தல் என்ற நோக்கத்தோடு கட்டப்பட்ட அனுமதி அது. மாணவருக்கு அது பெரிய பாதுகாப்பு. கடைத்தெருவில் முழு நூலை நகலெடுத்து அட்டை போட்டு விற்பவருக்கு அது பாதுகாப்பு ஆகாது.

தகவல் தரும் இடங்கள்

சட்டத்தின் மூல வாசகத்துக்கு ஒன்றிய அரசின் ‘இந்தியா கோடு’ தளமும் பதிப்புரிமை அலுவலகத்தின் தளமும் முதன்மையானவை. திருத்தங்கள் எப்போது சேர்ந்தன என்பதை அடிக்குறிப்புகளில் காணலாம். தீர்ப்புகளுக்கு ‘இந்தியன் கானூன்’ தளம் கட்டணமின்றிப் பயன்படுகிறது. மற்ற நாடுகளின் சட்டங்களை உலக அறிவுசார் சொத்து அமைப்பின் ‘வைப்போ லெக்சு’ தொகுப்பில் பார்க்கலாம். இவற்றின் குறை, மொழி. ஆங்கிலச் சட்டநடையில் பழக்கமில்லாத மாணவர் இரண்டாம் பத்தியிலேயே திரும்பிவிடுகிறார். அந்த இடைவெளியைத்தான் மற்றவர்கள் நிரப்புகிறார்கள்.

நிரப்புவோரில் முதல் வகை, பதிவு செய்து தரும் முகவர்களின் விளம்பரப் பக்கங்கள். பதிவு செய்யாவிட்டால் உரிமையே இல்லை என்ற எண்ணம் தோன்றும்படி இவற்றில் பல எழுதப்பட்டுள்ளன. உண்மையில் படைப்பு உருவானதுமே உரிமையும் பிறந்துவிடுகிறது. பிரிவு 48-இன்படி பதிவேடு முதல்நோக்குச் சான்றாகப் பயன்படும். வழக்கு வந்தால் அது உதவும். அவ்வளவே பதிவின் பயன். வட்டத்துக்குள் இடும் ‘சி’ குறியும் கட்டாயமன்று. எழுதியவருக்கு எதில் வருமானம் என்று பார்ப்பதும் ஒரு சோதனைதான்.

இரண்டாம் வகை, இணையக் கலைக்களஞ்சியங்கள். கால அட்டவணைகளுக்கும் வழக்குகளின் பெயர்களுக்கும் இவை நல்ல தொடக்கம். ஆனால் ஆங்கிலக் கட்டுரையிலிருந்து பெயர்க்கும்போது நாட்டின் பெயர் உதிர்ந்துவிடுவது தமிழ்க் கட்டுரைகளில் காணும் நோய். மூன்றாம் வகை, காணொலிகள். நான்கு நிமிடத்தில் எல்லாம் சொல்லும் அவசரத்தில் பிரிவு எண்கள் முதலில் பலியாகின்றன.

நான்காம் வகை, கேட்டதும் விடை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள். மொழி தடையில்லாமல் ஓடுவதால் இவற்றைத்தான் மாணவர்கள் மிகுதியாக நம்புகிறார்கள். பல நாட்டுச் சட்டங்களை ஒரே விடையில் கலப்பது இவற்றின் இயல்பான குறை. இல்லாத வழக்குகளை இருப்பதுபோல் சொல்வதும் உண்டு. 2023-இல் நியூயார்க்கில் இத்தகைய செயலி புனைந்த தீர்ப்புகளை நீதிமன்றத்தில் தாக்கல் செய்த வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. சட்டம் படித்தவர்களுக்கே அப்படியென்றால் மாணவர் இன்னும் விழிப்பாக இருக்க வேண்டும். அச்செயலியிடம் பிரிவு எண்ணைக் கேட்டு, அந்தப் பிரிவை அரசுத் தளத்தில் தானே திறந்து பார்ப்பதே முறை.

நல்ல முன்மாதிரியும் உண்டு. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக நூலகம் வெளியிடும் பொதுவுடைமைக் கால அட்டவணை, இது அமெரிக்க நிலவரம் மட்டுமே என்று சொல்லிவிட்டுத் தொடங்குகிறது. எந்த ஆண்டுக்கு உரியது என்றும் குறிக்கிறது. தமிழில் இவ்வகை அட்டவணை ஒன்று இல்லாதது பெருங்குறை.

தமிழில் எழுதுவோர் செய்ய வேண்டியவை

பதிப்புரிமை பற்றித் தமிழில் கட்டுரை எழுதும் ஒவ்வொருவரும் முதல் பத்தியிலேயே நாடு, சட்டத்தின் பெயர், கடைசியாகச் சரிபார்த்த தேதி ஆகியவற்றை எழுத வேண்டும். ஒவ்வொரு கூற்றுக்கும் பிரிவு எண் தர வேண்டும். காப்புரிமை, பதிப்புரிமை என்ற சொற்களைக் கலக்கக் கூடாது. திருத்தம் வந்தால் பழைய கட்டுரையைத் திருத்த வேண்டும். முடியாவிட்டால் ‘இது பழைய நிலவரம்’ என்றாவது தலைப்பில் குறிக்க வேண்டும். மற்றொரு பக்கத்திலிருந்து எடுத்து எழுதும் முன், அந்தப் பக்கம் எங்கிருந்து எடுத்தது என்று பார்க்க வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு சொல். சட்டம் முழுவதையும் படிக்க வேண்டியதில்லை. 13, 14, 17, 19, 22 முதல் 29 வரை, 52, 57 ஆகிய பிரிவுகளை ஒரு பிற்பகலில் அகராதியோடு உட்கார்ந்து படித்துவிடலாம். 57, படைப்பாளியின் பெயரையும் படைப்பின் சிதையாமையையும் காக்கும் பிரிவு. உரிமையை விற்ற பிறகும் அது படைப்பாளியிடமே இருக்கும். பணம், வழக்கு, ஒப்பந்தம் என்று வந்தால் வழக்கறிஞரை அணுகியே ஆக வேண்டும். ஆனால் வழக்கறிஞரிடம் போகும்போதும் எந்தப் பிரிவைப் பற்றிக் கேட்கிறோம் என்று தெரிந்து போவது நல்லது.